பயிற்சி முடிந்தது, படிவம் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது: பி.எச்.சி.யில் மனநலம், குடி ஆலோசனை நடக்க என்ன வேண்டும்?

வட்டாரம்
வணக்கம். நான் ஒரு தென்மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் சமூகப் பணியாளர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் (பி.எச்.சி.) வேலை பார்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

போன வருடம் எங்கள் வட்டாரத்து பி.எச்.சி.க்களுக்கு மனச்சோர்வு, மதுப்பழக்கம் இரண்டுக்கும் பயிற்சி கொடுத்தோம். மண்டபம், பவர்பாயிண்ட், மதியம் சாம்பார் சாதம், கடைசியில் குரூப் போட்டோ. கையேட்டையும் கேள்விப் படிவங்களையும் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினோம். இப்போது சுற்றிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் கட்டையே பிரிக்கவில்லை. ஓர் இடத்தில் மருந்தாளுநர் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்டாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நல்ல தடிமனான தாள்.

இத்தனைக்கும் நாங்கள் சொல்லிக்கொடுத்தது வெறும் அறிவுரை இல்லை. கோவாவில் சங்கத் என்ற தொண்டு அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவும் பி.எச்.சி.க்களிலேயே நடத்திப் பார்த்தது. மனச்சோர்வுக்கு ஆறிலிருந்து எட்டு அமர்வு, அமர்வுக்கு 30-40 நிமிடம். பேசுகிறவர் டாக்டரும் இல்லை, சைக்காலஜி படித்தவரும் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். 10 பி.எச்.சி.க்கள், 495 பேர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 39. லான்செட் இதழில் வந்த ஆய்வு. குடிப்பழக்கத்துக்கும் இதே போல ஒன்று, அதிகபட்சம் நான்கு அமர்வு.

வேலை செய்கிறது என்று தெரிந்த ஒன்று, நம் ஊர் மாதிரியான பி.எச்.சி.யில், நம் ஊர் மாதிரியான ஆட்களை வைத்து நடந்தது. அப்புறம் ஏன் நம்மிடம் வந்தால் படுத்துவிடுகிறது? டாக்டர், நர்ஸ், கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.) யாராக இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஓபி_சீட்டு
ஒளிக்காமல் சொல்கிறேன். நான் பி.எச்.சி.யில் மருத்துவ அலுவலர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மதியம் வரை தலை நிமிர முடியாது. சளி, காய்ச்சல், மூட்டுவலி, சுகர், பிரஷர், நாய்க்கடி. ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதில் "கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா" என்று கேட்டால் அந்த அம்மா அழ ஆரம்பித்துவிடுவார். அழ வைத்துவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட முடியுமா? அதனால் கேட்பதில்லை.

உங்கள் பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது என் நிலையத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதே ஆட்கள், அதே ரெஜிஸ்டர், அதே கூட்டம். 40 நிமிட அமர்வை யார் உட்கார்ந்து செய்வது? அதற்கு பதில் சொல்லாமல் கையேடு அச்சடித்துப் பிரயோஜனமில்லை.

மணல்வீடு
எல்லாம் சரி. தெருவுக்குத் தெரு அரசே கடை நடத்துகிறது. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். ஒரு கையால் ஊற்றிக்கொடுத்துவிட்டு இன்னொரு கையால் ஆலோசனையா? கடையை மூடச் சொல்ல வக்கில்லாதவர்கள் நடத்துகிற நாடகம் இது.

வட்டாரம்
@மணல்வீடு, கடை பற்றி உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது என் மேசைக்கு வருகிற கோப்பு இல்லை. நாளைக்கே எல்லாக் கடையையும் மூடினாலும் இன்று கை நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு நாளைக்கும் நடுங்கும், சொல்லப்போனால் இன்னும் மோசமாக. கடை விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கிளினிக்கோடு நிற்போம்.

@ஓபி_சீட்டு, நீங்கள் சொன்னது முக்கியம். கோவாவில் ஆலோசகர் என்று தனி ஆள் இருந்தார். நாங்கள் அந்த ஆளை விட்டுவிட்டு அவர் செய்த வேலையை மட்டும் உங்களிடம் கொடுத்திருக்கிறோம்.

நீலப்புடவை
நான் பிரஷர், சுகர் போன்ற தொற்றாநோய்களைப் பார்க்கும் என்.சி.டி. பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு விஷயம் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பி.எச்.சி.யில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிய ரெஜிஸ்டரில் எந்தக் கட்டம் இருக்கிறது என்று பாருங்கள். பிரஷருக்குக் கட்டம் இருக்கிறது, சுகருக்கு இருக்கிறது, கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைக்கு இருக்கிறது. மாதக் கடைசியில் எத்தனை என்று கேட்பார்கள், ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து நிற்க வேண்டும். மனச்சோர்வு எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று என்னை இதுவரை யாரும் நிற்க வைத்ததில்லை. நிற்க வைக்கச் சொல்லவில்லை, தயவுசெய்து! ஆனால் யாரும் கேட்காத வேலை கடைசி வரிசைக்குத்தான் போகும்.

இன்னொன்று, தனிப் படிவமாகக் கொடுக்காதீர்கள். என் மேசையில் ஏற்கெனவே இடமில்லை. பிரஷர் பார்க்கும்போது நான் எப்படியும் பேசிக்கொண்டேதான் கட்டுவேன். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாண்ணே, பிரஷர் இறங்கவே இல்லையே" என்றால் பாதிப் பேர் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள், "சாயங்காலம் கொஞ்சம் பழக்கம் இருக்கு சிஸ்டர்" என்று. அந்த இடத்தில் இரண்டு கேள்வியைச் செருகலாம். அந்த அண்ணன் மாதாமாதம் மாத்திரைக்கு வரப்போகிறவர். தொடர்ந்து பார்க்க இதைவிட வசதி எங்கே இருக்கிறது?

அப்புறம் டாக்டர் சொன்ன பயம் எனக்கும் உண்டு. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. மதியம் மூன்று மணிக்கு டாக்டர் ஃபீல்டுக்குப் போன பிறகு ஓர் அம்மா "ஆமாம்" என்று சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? பயிற்சியில் "ரெஃபர் செய்யுங்கள்" என்றார்கள். எங்கே? பஸ்ஸில் எழுபது கிலோமீட்டரா?

ஓபி_சீட்டு
சிஸ்டர் சொன்ன கடைசிப் பத்திதான் நிஜமான தடை. பதில் கையில் இல்லாத கேள்வியை நம் ஊழியர்கள் கேட்கமாட்டார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று மேலே இருப்பவர்கள் எழுதிவிடுகிறார்கள்.

தெளிவு
குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். நீலப்புடவை சிஸ்டரின் இரண்டு கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் படிவத்தில் 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். அதில் "ஒரு நாளில் எத்தனை டிரிங்க்" என்று வரும். அங்கேதான் எல்லோரும் முழிக்கிறார்கள், நம் ஊரில் யார் டிரிங்க் கணக்கில் குடிக்கிறார்கள்? கட்டிங், குவார்ட்டர், ஆஃப்.

ஆடிட் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். பெருக்கினால் ஏறக்குறைய 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் நான்கு டிரிங்க். "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார், வேலை அலுப்புக்கு" என்று தினமும் குடிப்பவருக்கு முதல் மூன்று கேள்வியிலேயே 4, 2, 4 என்று 10 வந்துவிடும். எட்டைத் தொட்டாலே கவனிக்க வேண்டியவர். அவரும் அவர் வீட்டாரும் அவரைக் குடிகாரர் என்று நினைக்கவே மாட்டார்கள். தெருவில் விழுந்து கிடப்பவர்தான் குடிகாரர் என்பது நம் எண்ணம். கோவாவில் அந்த நான்கு அமர்வு கொடுத்தது 12-லிருந்து 19 வரை மதிப்பெண் எடுத்தவர்களுக்கு. விழுந்து கிடப்பவர்களுக்கு இல்லை, இந்த "ஒரே ஒரு குவார்ட்டர்" ஆட்களுக்கு.

இந்தக் கணக்கை ஒரு அட்டையில் பாட்டில் படம் போட்டு பிரஷர் மேசையில் ஒட்டிவிடுங்கள். படிவத்தைவிட அது உதவும்.

20-ஐத் தொட்டால் கதை வேறு. அவர்களிடம் "நாளையிலிருந்து நிறுத்துங்கள்" என்று பி.எச்.சி.யில் சொல்லி அனுப்புவது ஆபத்து. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டினால் பிதற்றல், இல்லாதது தெரிவது, ஆள் அடங்காமல் ஓடுவது. பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் உயிர் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த இரண்டையும் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஓபி_சீட்டு
@தெளிவு, இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி மயங்கி வருகிறவருக்கு ட்ரிப் போடும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இது எல்லா டூட்டி டாக்டருக்கும் தெரியும், ஆனால் ஊசி ஸ்டாக்கில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இன்டென்ட் (மருந்து கேட்கும் பட்டியல்) போட்டால்தான் வரும், நோயாளி எண்ணிக்கை ரெஜிஸ்டரில் இருந்தால்தான் இன்டென்ட் போட முடியும், மருந்து இருந்தால்தான் நோயாளி வருவார். வட்டாரம் சார், பயிற்சிக்கு முன்னால் உடைக்க வேண்டிய வட்டம் இது.

கொல்லைப்புறம்
நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வீட்டுக்காரருக்குக் குடி. ரொம்ப நாளாக இந்தக் குழுவில் படிக்க மட்டும் செய்வேன்.

நீங்கள் எல்லோரும் கேள்வி கேட்பது பற்றியே பேசுகிறீர்கள். எங்கே வைத்துக் கேட்பீர்கள்? எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் வராந்தாவில் பெஞ்ச், அதில் எங்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருக்கும். நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் என் நாத்தனார் வீடு வரைக்கும் போய்விடும். மருந்து கொண்டுவந்து கொடுக்கும் அக்கா நல்லவர்தான், ஆனால் அவர் என் மகளிர் குழுவில் இருக்கிறார். கடன் தவணை விஷயமும் குடி விஷயமும் ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டுமா?

கதவு உள்ள ஒரு அறை வேண்டும். அதைவிடப் பெரிதாக நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவர்களிடம் எதுவும் கிடைக்காததால்தான் நான் பேப்பரில் விளம்பரம் பார்த்து, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பவுடர் வாங்கினேன். இரண்டு முறை கலந்தேன். ஒருநாள் அவருக்கு நெஞ்சு படபடத்து முகமெல்லாம் சிவந்து வாந்தி. பயந்து நிறுத்திவிட்டேன்.

தெளிவு
அம்மா, நிறுத்தியது ரொம்ப நல்லது. அந்தப் பவுடர்கள் சிலவற்றில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் கலந்திருக்கும். அது நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இதயமும் ஈரலும் பரிசோதித்த பிறகு கொடுப்பது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் பிரஷர் இறங்கி உயிருக்கே வினையாகலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. வேறு வழியே காட்டாமல் விட்டால் ஜனங்கள் பவுடர்தான் வாங்குவார்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பேசலாம். 14416 டெலிமானஸ் எண், அரசின் மனநலத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. உங்கள் தெருவுக்குத் தெரியாது.

கொல்லைப்புறம்
சரிங்க. பேசிப் பார்க்கிறேன்.

பனங்கிழங்கு
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நான் கொஞ்சக் காலம் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவில வேலை செய்தனான். எங்கட பக்கத்தில மாவட்ட ஆஸ்பத்திரிகளில மனநல மருத்துவ அலுவலர் எண்டு ஒரு பதவி போட்டவை. மனநல நிபுணர் இல்லை, சாதாரண டொக்டருக்குக் குறுகிய காலப் பயிற்சி குடுத்து அந்த வேலைக்கெண்டே நியமிக்கிறது. அது பெரிய வித்தியாசம். வேறை வேலைக்கு இடையில செருகின வேலை இல்லை, அவருக்கு அதுதான் வேலை. கிளினிக் நாளும் இருக்கும், பதிவும் இருக்கும்.

ஆனா எங்கட தலையிடி இடமாற்றம். ஒராள் ஊரோட பழகி, ஆக்கள் நம்பிக் கதைக்கத் தொடங்க, அவருக்கு மாற்றம் வந்திடும். புதுசா வாறவர் திரும்ப முதல்ல இருந்து. ஆகவே அண்ணை, உங்கட திட்டம் ஒரு நல்ல டொக்டரை நம்பி இருந்தா அவர் போற நாளோட முடிஞ்சுது. மாறாத ஆள் ஆர் எண்டு பாருங்கோ. எங்களிட்ட அது மருத்துவமாதுமார்.

(இலங்கையில இருந்து ஆராவது வாசிச்சா: 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.)

நீலப்புடவை
எங்களிடமும் அதேதான். மாறாமல் இருப்பது வி.எச்.என்.களும் எம்.டி.எம். அக்காக்களும். ஆனால் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து அவர்கள் கையில் ஏற்றியிருப்பதைப் பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரை, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பட்டியல், அதற்கொரு ஆப். இதில் எட்டு அமர்வு ஆலோசனையும் சேர்த்தால் ஓடிவிடுவார்கள். கொல்லைப்புறம் அம்மா சொன்ன காரணமும் இருக்கிறது.

சியாட்டில்_இட்லி
நான் அமெரிக்காவில் ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் கேர் மேனேஜர், அதாவது நோயாளிகளைத் தொடர்ந்து விசாரித்துக் கவனிக்கும் ஆள். இங்கே இருந்துகொண்டு பி.எச்.சி.க்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே பட்ட பாட்டைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இம்பாக்ட் என்று ஓர் ஆய்வு, 2002-ல் வந்தது. 18 கிளினிக், 1801 முதியவர்கள். குடும்ப டாக்டர், கேர் மேனேஜர், வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்க்கும் மனநல மருத்துவர், இந்த மூவரும் சேர்ந்து மனச்சோர்வைப் பார்த்தால் வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன். ஆனாலும் பெரும்பாலான கிளினிக்குகள் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: கேர் மேனேஜர் போனில் பேசும் நேரத்துக்கும் மனநல மருத்துவர் பட்டியல் பார்க்கும் நேரத்துக்கும் பில் போட வழியில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதற்குக் கட்டணம் கொடுக்க ஆரம்பித்தது 2017-ல். நல்ல ஆய்வு வந்து பதினைந்து வருடம்!

எங்களுக்கு உதவியது அந்தப் பட்டியல்தான். யார் யார் சிகிச்சையில் இருக்கிறார்கள், கடைசி மதிப்பெண் என்ன, யாருக்கு இறங்கவில்லை, யார் வரவில்லை, எல்லாம் ஒரே தாளில். வியாழக்கிழமை மனநல மருத்துவர் போனில் வந்தால் எல்லோரையும் பற்றிப் பேசமாட்டோம், தேறாதவர்களைப் பற்றி மட்டும். அவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அரை மணியில் பத்துப் பதினைந்து பேருக்கு வழி சொல்லிவிடுவார்.

ஓபி_சீட்டு
அந்த மாடல் பிடித்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார். கூட்டம் நெருக்கும். பழைய நோயாளிகளுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதிலேயே அவர் நேரம் போய்விடுகிறது. நாங்கள் ரெஃபர் செய்கிறவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. அவருக்கு பதிலாக அரை மணி நேர போன் கொடுத்தால் நானே பாதிப் பேரைப் பார்த்துக்கொள்வேன்.

கால்குலேட்டர்
புள்ளியியல் ஆள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா? மனச்சோர்வுத் திட்டத்தின் 64க்கு 39 கண்ணைக் கவர்கிறது. குடித் திட்டத்தின் எண்களையும் போடுங்கள். 377 ஆண்கள். மூன்று மாதம் கழித்து ஆடிட் எட்டுக்குக் கீழே வந்தவர்கள் 36 சதவீதம், ஒப்பிட்ட குழுவில் 26. பத்தே புள்ளி வித்தியாசம். தொடர்ந்து குடித்தவர்களிடம் குடிக்கும் அளவு குறையவில்லை. இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

அதே குழு அதற்கு முன்னால், 2010-ல், மனச்சோர்வு, பதற்றம் பற்றி மானஸ் என்று ஓர் ஆய்வு வெளியிட்டது. 24 நிலையங்கள், பாதி அரசு, பாதி தனியார். அரசு நிலையங்களில் பலன் தெரிந்தது, தனியார் கிளினிக்குகளில் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே பயிற்சி. "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

தெளிவு
@கால்குலேட்டர், அதே தாளில் அடுத்த வரியை விட்டுவிட்டீர்களே. கடைசிப் பதினான்கு நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 42 சதவீதம், எதிர்ப்பக்கம் 18. நான்கு முறை பேசியதற்கு! குடும்பங்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.

நீங்கள் சொன்ன இன்னொரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். விட்டவர்கள் விட்டார்கள், விடாதவர்கள் அதே அளவு குடித்தார்கள். அதாவது நான்கு அமர்வுக்குப் பிறகும் குடிக்கிறவரை மறுபடி அதே அமர்வில் உட்கார வைக்காமல் எங்களிடம் அனுப்ப வேண்டும்.

கால்குலேட்டர்
சரி, அந்த வரி நியாயமானது. மானஸ் பற்றி?

வட்டாரம்
தனியார் டாக்டர்களிடம் வழக்கமான கவனிப்பே ஏற்கெனவே நெருக்கமாக இருந்திருக்கலாம், அதனால் கூடுதலாகச் சேர்த்தது தெரியவில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அதிலிருந்து கிடைப்பது: ஓர் இடத்தில் ஓடியது என்பதால் அடுத்த இடத்தில் ஓடும் என்று நினைக்கக் கூடாது, ஒவ்வொரு நிலையமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி கோவாக் கட்டுரைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். நாங்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது கையேட்டை. எடுக்காமல் விட்டது பயிற்சிக்குப் பிறகு நடந்ததை. அங்கே ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்தார்கள், நோயாளி சம்மதத்தோடு. பிறகு குழுவாக உட்கார்ந்து ஒருவர் பதிவை இன்னொருவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். அமர்வில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். இன்றைய அமர்வின் நோக்கத்தை நோயாளியோடு பேசினாரா, போன வார வீட்டுப் பாடத்தைக் கேட்டாரா, அடுத்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை முடிவு செய்தாரா என்றெல்லாம். முதலில் நிபுணர்கள் நடத்திய அந்தக் கூட்டத்தைப் பிறகு ஆலோசகர்களே நடத்தினார்கள். சைக்காலஜி படிக்காத உள்ளூர்க்காரர் வல்லுநர் போல் பேசியதன் ரகசியம் அதுதான், பயிற்சி வகுப்பு இல்லை.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் பாட்டிமார்கள் கிளினிக் வாசலில் பெஞ்ச் போட்டு ஆலோசனை கொடுக்கும் ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச் பற்றி எல்லோரும் பாட்டியைத்தான் பேசுகிறார்கள், பெஞ்சைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பாட்டி எங்காவது மாட்டிக்கொண்டால் கேட்க மேலே ஓர் ஆள் இருந்தார் என்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

நாங்கள் பயிற்சிக்கு வைத்த பணத்தில் பெரும்பகுதி மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று. அதற்கடுத்த ஒரு வருடத்துக்கு ஒரு ரூபாயும் வைக்கவில்லை. மேலே எழுதப்போகும் குறிப்பில் இதைத்தான் முதல் வரியாக வைக்கப்போகிறேன்.

மணல்வீடு
மேலே எழுதுங்கள், அவர்களும் பின்பக்கத்தில் ஸ்டாக் கணக்கு எழுதுவார்கள்.

பனங்கிழங்கு
உங்களுக்கு வாய் கூட. 🙂

சியாட்டில்_இட்லி
வட்டாரம் சார், மேற்பார்வைக்கு ஆள் பிடிக்க அலைய வேண்டாம். இங்கே நியூ மெக்சிகோவில் 2003-ல் ஹெபடைடிஸ் சி நோய்க்காக சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ முறை, வீடியோ கூட்டத்தில் ஊர் டாக்டர்கள் தங்கள் நோயாளி பற்றிச் சொல்ல, நிபுணர்களும் மற்ற ஊர் டாக்டர்களும் சேர்ந்து யோசனை சொல்வது. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதே முறையில் போதை சிகிச்சைக்கும் மனநலத்துக்கும் வகுப்பு நடத்துகிறது. வகுப்பு என்பதைவிட வாராந்திரப் பஞ்சாயத்து என்று சொல்லலாம்.

ஓபி_சீட்டு
அதில் சிலவற்றில் கலந்துகொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கும். ஆனால் ஆங்கிலம். எங்கள் நர்ஸ்கள் வீடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாவட்ட அளவில் தமிழில் நடந்தால் நீலப்புடவை போன்றவர்கள் எனக்குப் பாடம் எடுப்பார்கள்.

மஞ்சள்பை
குறுக்கே வருகிறேன். காசநோய்ப் பிரிவில் வேலை. 2022-லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஓடுகிறது, புதிதாகக் கண்டுபிடித்த ஒவ்வொருவரையும் எடை, மூச்சு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தானவர்களை உடனே சேர்க்கிறோம். மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களைத் தேடிப்போனால் பெரும்பாலும் கடை வாசலில்தான் பிடிப்போம். எங்களுக்குக் குடி ஆலோசனை கூடுதல் வேலை இல்லை. அது இருந்தால் எங்கள் வேலை குறையும். அப்படிப்பட்ட இடத்தில் தொடங்குங்கள் சார். வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் முதலில் கொடுங்கள்.

நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. ஆலோசகர் இருப்பாரே, அவருக்குக் கதவுள்ள அறையும் இருக்கும், ரகசியம் காக்கும் பழக்கமும் இருக்கும். கொல்லைப்புறம் அக்கா கேட்ட அறை ஏற்கெனவே சில ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

நீலப்புடவை
அந்த போர்டைப் பார்த்தாலே ஜனங்கள் உள்ளே போகமாட்டார்கள். ஆனால் ஆளைப் பயன்படுத்தலாம், வாரத்தில் ஓர் அரைநாள் என் பக்கம் வந்து உட்காரச் சொல்லலாம்.

வட்டாரம்
நல்ல யோசனைகள். ஒரு வட்டாரம் முழுக்க என்ற ஆசையை விட்டுவிடுகிறேன். இரண்டு நிலையம் மட்டும். முதலில் குடி, மனச்சோர்வு பிறகு. பிரஷர், சுகர், காசநோய்க்கு வருகிற ஆண்களிடம் மட்டும் ஆரம்பம். கேட்பது நீலப்புடவை சொன்ன மாதிரி பேச்சோடு பேச்சாக. ஆடிட்டில் எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் அறைக்கு. 20 அல்லது அதற்கு மேல், நடுக்கம், வலிப்பு என்றால் தெளிவு மாதிரியான மையத்துக்கு நாங்களே போன் செய்து அனுப்புவோம், போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் கேட்போம். அமர்வு நடத்துவது நம்பிக்கை மைய ஆலோசகரும் எங்கள் குழுவில் ஒருவரும். வாரம் ஒருமுறை போன், பட்டியல், தேறாதவர்கள் பற்றி மட்டும்.

சிஸ்டர், உங்கள் "மூன்று மணிக் கேள்விக்கு" பதில்: அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும் முன் எங்கள் மனநல மருத்துவரின் எண்ணும் எனக்கு மாற்றாக ஒருவர் எண்ணும் உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். இல்லாவிட்டால் படிவத்தை எடுக்க வேண்டாம். அந்த அம்மாவைத் தனியே விடக் கூடாது, வீட்டில் ஒருவரை வரவழைக்க வேண்டும், வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டு அன்றைக்கே அகற்றச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் டாக்டர் இல்லாமலே நீங்கள் செய்யலாம்.

தெளிவு
இதில் ஆண்கள் மட்டும் என்பது எனக்கு உறுத்துகிறது, பெண்களிலும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்துக்குச் சரி. மஞ்சக்குடியில் சென்னையின் டி.டி.கே. குடிநோய் மருத்துவமனை நடத்திய கிராம முகாமிலும் முதலில் ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், பெரியவர்கள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பிறகுதான் மற்றதெல்லாம். உங்கள் இரண்டு ஊரிலும் அப்படி யாராவது இருக்கிறார்களா பாருங்கள். குடியை விட்ட ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நீலப்புடவை
என் நிபந்தனை: புது ஆப் கூடாது. இருக்கிற என்.சி.டி. ரெஜிஸ்டரில் கடைசியில் ஒரு கட்டம் கோடு போட்டுக்கொள்கிறேன், எழுதுவது எண் மட்டும், பெயருக்கு எதிரே "குடி" என்று எழுதமாட்டேன். வராந்தாவில் யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டுவார்கள்.

கால்குலேட்டர்
எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் எட்டு அல்லது அதற்கு மேல், எத்தனை பேர் முதல் அமர்வுக்கு வந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை. இந்த நான்கு எண் போதும். மூன்றாவது எண்ணில்தான் ஓட்டை இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மாதக் கடைசியில் அனுப்பினால் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.

ஓபி_சீட்டு
என் நிலையத்தை இரண்டில் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள், வட்டார மருத்துவ அலுவலரிடம் நானே பேசுகிறேன். தயமினுக்கு இந்த மாத இன்டென்ட்டிலேயே போடுகிறேன். நாள் மட்டும் முடிவு செய்ய வேண்டும். திங்கள் கூட்டம் தாங்காது. செவ்வாய் கர்ப்பிணிகள். புதன் தடுப்பூசி, அன்று வராந்தா முழுக்கக் குழந்தை அழுகை. வியாழன் மதியம் இரண்டு மணிக்கு மேல் மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து தர முடியும். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள்தான் இல்லை.

வட்டாரம்
தாழ்ப்பாள் நான் வாங்கி வருகிறேன் டாக்டர். வியாழன்.